தழும்புக்குக் கீழே

கொடைக்கானலில் ஒரு நர்சரி இருந்தது. அங்கே ஒரு பச்சை மேப்பிள் மரத்துக்கு அநியாயம் நடந்தது. ஜப்பானிய மேப்பிள்தான், விதையில் முளைத்தது. இரண்டு வயதில் அதன் தலையை அரிந்துவிட்டு, சிவப்பு மேப்பிள் குச்சி ஒன்றை அதன்மேல் ஒட்டுக் கட்டினார்கள். அன்றிலிருந்து வேர் பச்சையினுடையது, இலை சிவப்பினுடையது. இடையில், ஒரு சாண் உயரத்தில், மொத்தையாக ஒரு தழும்பு.

தழும்புக்குக் கீழே பச்சை ஒரு துளிர் விட்டால் போதும், கத்தரிக்கோல் வந்துவிடும்.

"ஒரே ஒரு இலை," என்று கேட்டுப் பார்த்தது பச்சை.

"எதுக்கு? உனக்குத்தான் வேர் இருக்கே."

"வேர்ல வெயில் படுமா?"

"நீ துளிர்த்தா மேல இருக்கறவ வாடிடுவா. அனுசரிச்சுப் போ," என்றது கத்தரிக்கோல். நறுக்.

கிளையில் தொங்கிய சீட்டில் சிவப்பின் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது.

"எட்டு வருஷமா தண்ணி தூக்கறது யாரு?" என்று பச்சை கேட்டால், மேலிருந்து சிவப்பு சிரிக்கும். "தூக்கறது உன் குணம்டி. அழகா இருக்கறது என் குணம். இதுக்குப் போய் யாராவது சண்டை போடுவாங்களா?"

ஒருநாள், தொட்டிக்குள் குட்டை மரமாகப் போன்சாய் வளர்க்க மேப்பிள் தேடித் தனபாலன் என்பவர் வந்தார். தொட்டிகளின் முன் குந்தி, அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார். முதல் தொட்டியில் வேர் ஒரே பக்கமாக ஓடியிருந்தது. அடுத்ததில் வேர்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதில் அவர் கை நின்றது.

"அடடா, நாலா பக்கமும் எப்படி விரிஞ்சிருக்கு பாருங்க!"

எட்டு வருஷத்தில் பச்சைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் சீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவர் சீட்டைப் படித்து, "நல்ல ரகம்," என்றார். பிறகு தழும்பைத் தடவி முகம் சுளித்தார்.

"இதென்னம்மா, அசிங்கமா?"

"ஒட்டுக் கட்டின இடம் சார். நாங்க வெட்டின வெட்டுதான்," என்றார் நர்சரி நடத்தும் ஆரோக்கியமேரி.

"எப்படியும் குட்டையாக்கணும். இதுக்குக் கீழயே அறுத்துக் கொடுங்க."

"சார், ஒட்டுக்குக் கீழ அறுத்தா..."

"ஏம்மா, நான் போன்சாய் வகுப்பே எடுக்கறவன். அறுங்க."

"அடியே, ஏதாவது பண்ணுடி!" என்று அலறியது சிவப்பு.

"எதை வெச்சுடி பண்ண? ஒரு இலையாவது விட்டு வெச்சீங்களா?"

ரம்பம் ஓடியது. சிவப்பு கூடையில் விழுந்தது. சீட்டை மட்டும் பத்திரமாகக் கழற்றித் தொட்டியில் செருகிக்கொண்டு போனார் தனபாலன்.

இரண்டு மாதம் கழித்து, தனபாலன் தொட்டியைக் கொண்டுவந்து நர்சரி மேசைமேல் நங்கென்று வைத்தார். நாலு விரல் உயரக் கட்டையைச் சுற்றிலும் பளபளவென்று பச்சைத் துளிர்.

"ஏமாத்திட்டீங்களே! சீட்டுல என்ன எழுதியிருக்கு, இங்க என்ன வந்திருக்கு?"

கோபத்தில் துளிரைக் கிள்ளக் கை நீட்டினார். ஆரோக்கியமேரி வாய் திறப்பதற்குள் பச்சை பேசியது.

"கையை எடுய்யா. சிவப்பை அறுக்கச் சொன்னது நீ. தழும்பைப் போட்டது இவங்க. வேர் அழகா இருக்குன்னுதானே என்னைத் தூக்கிட்டுப் போன? அந்த வேரோட நிறம் இதுதான்."