ஓர் உழக்கு நாற்றம்

முன்னொரு காலத்தில், மூக்கை மட்டும் செல்லப் பிள்ளையாக வளர்த்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் குணசீலவர்மர். கடலோர ராஜ்யம். ஒரு நாள் மீனவன் ஒருவன் முறையிட்டுவிட்டுப் போன பிறகும் தர்பாரில் கவிச்சை வாடை நின்றதாம். மன்னர் மூக்கைச் சுளித்தார். சுளித்த மூக்கு நேராவதற்குள் ஆணை பிறந்துவிட்டது. இனி யார் சபைக்கு வந்தாலும் வாசலிலேயே சந்தனம் பூசி, பன்னீர் தெளித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

அன்று முதல் தர்பார் கல்யாண வீடு மாதிரி மணத்தது. குடிகளின் வியர்வை, புகை, சேறு எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன. குடிகள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று மன்னரும் நம்பிவிட்டார்.

இதைப் பார்த்து உள்ளுக்குள் பொருமியவன் ஒருவன்தான். விகடன் கூத்தபிரான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ஆனால் அமைச்சர் வில்வராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. 'நான் நாளெல்லாம் வளைந்து கும்பிட்டு வாங்குகிற பாராட்டை இவன் ஒரு பேச்சில் தட்டிக்கொண்டு போகிறானே' என்ற எரிச்சல். அமைச்சரிடம் பெருமைப்பட ஒரு மீசை உண்டு. அதற்குத் தினமும் புனுகு தடவுவார்.

அந்த அமைச்சரின் மைத்துனன் மீன் எண்ணெய் காய்ச்சும் கொட்டில் ஒன்று வைத்திருந்தான். அரசாங்கக் கப்பல்களின் பலகைக்குப் பூச மீன் எண்ணெய் வேண்டும், அது நியாயம். ஆனால் அவன் கொட்டில் போட்ட இடம் செக்கடித் தெருவுக்கு நேர் எதிரே. அழுகின மீனைக் கொப்பரை கொப்பரையாகக் கொதிக்க வைத்தால் கடல்காற்று அதைச் சும்மா விடுமா? வாரி எடுத்து வந்து தெருவுக்குள் கொட்டியது.

செக்கடித் தெருக்காரர்களின் பிழைப்பு பூவெண்ணெய். எள்ளைத் துணியில் பரப்பி, மேலே மல்லிகையைக் கொட்டி மூடி வைப்பார்கள். எள் அந்த மணத்தைக் குடித்துவிடும். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போடுவார்கள். இப்படிப் பலமுறை மணம் ஏற்றிய எள்ளைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயே மல்லிகையாக மணக்கும். கொட்டில் வந்த பிறகு எள் மல்லிகையை விட்டுவிட்டு மீனைக் குடிக்கத் தொடங்கியது. வாங்க ஆளில்லை. செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் பாயசத்தைத் தொடாமல் வண்டியைத் திருப்பினார்கள். கைக்குழந்தைகள் குடித்த பாலைக் கக்கின.

கடைசியில் அந்தத் தெருவிலிருந்து பூவாயி என்ற செக்காட்டி சபைக்கு வந்தாள். வாசலில் அவளுக்கும் சந்தனம், பன்னீர் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது.

"மவராசா! எங்க தெருவுல மூச்சு விட முடியல. சோத்துல கை வச்சா கொமட்டுது. புள்ளைங்க வாந்தி எடுக்குது. அந்தக் கொட்டில வேற எடத்துக்கு மாத்தச் சொல்லுங்க சாமி!"

மன்னர் முன்னே குனிந்து முகர்ந்து பார்த்தார். "அம்மா, உன்மேல் ரோஜா மணம் வீசுகிறதே! இதிலென்ன குறை?"

"அது உங்க வாசல்ல பூசுனது சாமி!"

வில்வராயர் எழுந்தார். "மன்னர் பெருமானே! இந்தப் புகாரை முன்பே விசாரித்துவிட்டோம். வாசனை அறை அதிகாரி சுகந்தர் நேரில் சென்று முகர்ந்து, துர்க்கந்தம் ஏதுமில்லை என்று உறுதி கூறியிருக்கிறார்."

சுகந்தர் போனது உண்மைதான். ஆனால் எப்படிப் போனார்? முந்தின நாளே பறையறைந்து தகவல் சொல்லிவிட்டுப் போனார். கொட்டிலில் அடுப்பை அணைத்துக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். சுகந்தரோ சபை வழக்கப்படி மேலெல்லாம் ஜவ்வாது பூசி, வாயில் பச்சைக் கற்பூரத் தாம்பூலத்தோடு, மூடு பல்லக்கில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜவ்வாது மணம்தான் அடித்தது. அதையே சொன்னார்.

"மேலும், அளக்க முடியாத பொருளுக்குச் சட்டம் ஏது?" என்று அமைச்சர் தொடர்ந்தார். "நெல்லை மரக்காலால் அளக்கிறோம். எண்ணெயை உழக்கால் அளக்கிறோம். நாற்றம் இருப்பது மெய்யானால் ஓர் உழக்கு நாற்றம் அளந்து கொண்டுவரட்டும். இல்லையேல் பொய்ப் புகார் சொன்ன குற்றத்துக்குத் தெருவையே காலி செய்யட்டும். கொட்டிலை விரிவாக்க இடமும் ஆகும்."

மன்னருக்கு இந்த யோசனை வேடிக்கையாகப் பட்டது. "ஓர் உழக்கு நாற்றமா? அதையும் பார்த்துவிடுவோமே! வருகிற பௌர்ணமி சபைக்குக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் தெரு காலியாக வேண்டியதுதான்."

பூவாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூத்தபிரான் அவள் முகத்தைப் பார்த்தான். யோசிக்காமல் எழுந்தான். "மன்னவா, அவர்கள் சார்பில் அடியேன் அளந்து கொண்டு வருகிறேன்."

அமைச்சருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "தவறினால் விகடனுக்கும் தண்டனை உண்டல்லவா? மொட்டையடித்து நாடு கடத்தலாமே!"

"ஆகட்டும்" என்று சிரித்தார் மன்னர். மன்னருக்கு எல்லாமே விளையாட்டு.

கூத்தபிரான் நேராகச் செக்கடித் தெருவுக்குப் போனான். முனை திரும்பும்போதே நாற்றம் அவன் தொண்டையைப் பிடித்தது. சாப்பாட்டுப் பிரியன் அவன். காலையில் தின்ற பொங்கல் அத்தனையையும் தெருவோரத்தில் விட்டான்.

"என்னய்யா, ஒரு தடவ மூச்சு விட்டதுக்கே இப்படியா?" என்றாள் பூவாயி. அவள் வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். "நீரு நல்ல மனுசன்தான். ஆனா நாத்தத்த எந்த மடையனாவது உழக்குல அளப்பானா? அளக்குறேன்னு நீரு வேற ஒத்துக்கிட்டு வந்திருக்கீரு. ஒமக்கும் மொட்ட, எங்களுக்கும் நடுத்தெரு."

கூத்தபிரான் வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். மூலையில் எள் மூட்டை கிடந்தது.

"ஏம்மா, மல்லிகை மணத்தை எண்ணெய்க்குள் எப்படி ஏற்றுவீர்கள்?"

"எள்ளுதான் குடிச்சுக்கும். பக்கத்துல எது இருந்தாலும் குடிச்சுக்கும் அது. அதானய்யா எங்க தலையெழுத்தே!"

"அப்படியென்றால் இந்த எள்ளைப் பூ இல்லாமல் வெறுமனே வெளியில் பரப்புங்கள்."

"பூ இல்லாம எதுக்குய்யா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அவன் முகத்தையும் கொட்டிலின் புகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டின மூட்டையைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, "ஏலே, பாயெல்லாம் எடுத்துப் போடுங்க!" என்று தெருவே அதிரக் கத்தினாள்.

பௌர்ணமி வரை எள் தெருவில் கிடந்து காற்றைக் குடித்தது. அடுப்பு நன்றாக எரிந்த வேளைகளில் கிளறியும் விட்டார்கள். பிறகு ஓய்ந்து கிடந்த செக்கில் மாட்டைக் கட்டி ஆட்டினார்கள். வந்த எண்ணெயில் ஓர் உழக்கு அளந்து குடுவையில் ஊற்றி, வாயை மெழுகால் அடைத்தாள் பூவாயி.

சபை கூடியது. வாசலில் கூத்தபிரானுக்கும் பூவாயிக்கும் குடுவைக்கும் சேர்த்தே பன்னீர் தெளித்து அனுப்பினார்கள்.

"எங்கே நாற்றம்?" என்றார் மன்னர் ஆவலாக.

கூத்தபிரான் குடுவையை வைத்தான். "அமைச்சர் பெருமானே, இதில் இருப்பது எள்ளும் செக்கடித் தெருக் காற்றும் மட்டுமே. வேறொன்றும் சேர்க்கவில்லை. சுகந்தரே, அந்தக் காற்றில் நாற்றம் உண்டா?"

"கிடையவே கிடையாது" என்றார் சுகந்தர்.

"எள்ளும் நாற்றமில்லாத காற்றும் சேர்ந்தால் என்ன வரும்?"

"நல்லெண்ணெய் வரும்!" என்று துள்ளி எழுந்தார் வில்வராயர். "மன்னவா, விகடன் தோற்றான்! நாற்றம் கேட்டால் நல்லெண்ணெய் கொண்டுவந்திருக்கிறான். நாவிதனைக் கூப்பிடுங்கள்!"

கூத்தபிரான் தலையைக் குனிந்துகொண்டான். "தோற்றேன் மன்னவா. நாளை நான் இந்த நாட்டில் இல்லை. போகும் முன் ஒரே ஆசை. அமைச்சர் பெருமானுக்கு என்மேல் எப்போதும் சூடு. இந்த நல்லெண்ணெயை அவருடைய தலையிலும் அந்த அழகான மீசையிலும் தேய்த்துக் குளிர்ச்சி செய்துவிட்டுப் போகிறேன்."

"நியாயமான ஆசை. தேய்த்துக்கொள்ளும் வில்வராயரே" என்றார் மன்னர்.

மெழுகைப் பெயர்த்ததுதான் தாமதம். முன்வரிசைப் புலவர்கள் மேல்துண்டால் வாயைப் பொத்தினார்கள். சாமரம் வீசிய பெண் சாமரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவ்வளவு சந்தனத்தையும் பன்னீரையும் மிதித்துக்கொண்டு நாற்றம் அரியணை ஏறியது.

"என்ன கண்றாவி அது?" என்று அலறினார் மன்னர்.

அமைச்சர் விழித்தார். நாற்றம் என்று சொன்னால் கொட்டில் போயிற்று. "ந... நல்லெண்ணெய்தான் மன்னவா. நல்ல மணம்."

"அப்படியானால் ஏன் தாமதம்? தேய்த்துக்கொள்ளும்!"

வில்வராயர் தேய்த்துக்கொண்டார். தலையில் ஒரு கை, மீசையில் ஒரு கை. கண்ணில் நீர் தாரையாக வழிந்தது. மன்னர் உத்தரீயத்தால் மூக்கை மூடிக்கொண்டு, "சுகந்தரே, உமது தீர்ப்பு என்ன?" என்றார்.

"மன்னவா," என்று கையைப் பிசைந்தார் சுகந்தர், "அடியேனுக்குச் சில வருஷங்களாகவே ஜலதோஷம்."

அந்த நேரத்தில் அரண்மனைப் பூனை ஒன்று தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அதற்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை, மைத்துனனும் இல்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அமைச்சரிடம் வந்து காலை உரசியது. மடைப்பள்ளியிலிருந்து இன்னும் இரண்டு வந்தன. பிறகு எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் ஒரு கூட்டமே வந்தது. துணிச்சலான ஒரு கடுவன் பூனை தோளில் ஏறி மீசையை நக்கத் தொடங்கியது. "சூ! சூ!" என்று வில்வராயர் சபையைச் சுற்றி ஓட, பூனைகளும் மியாவ் மியாவ் என்று பின்னாலேயே ஓடின.

மன்னர் அரியணையில் புரண்டு புரண்டு சிரித்தார். கிரீடம் உருண்டது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது, வாசலோரம் நின்ற பூவாயி கண்ணில் பட்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கைப் பொத்தவும் இல்லை. அவளுக்கு அது அன்றாடக் காற்று.

மன்னரின் சிரிப்பு நின்றது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

"ஓர் உழக்கையே எங்களால் தாங்க முடியவில்லையே. இதற்குள்ளா அம்மா பிள்ளை வளர்க்கிறீர்கள்?"

"ஆமா சாமி" என்றாள் பூவாயி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மன்னர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். கொட்டிலை ஊருக்கு அப்பால், நாற்றம் எந்தத் தெருவையும் எட்டாத மணல்திட்டுக்கு மாற்ற ஆணையிட்டார்.

தோளில் பூனையோடு மூச்சிரைத்து நின்ற வில்வராயர் அப்போதும் விடவில்லை. "மன்னவா, கொப்பரைகளை நகர்த்துவது லேசான காரியமல்ல. நிலம் பார்க்க வேண்டும், நிபுணர்களைக் கலக்க வேண்டும், ஆய்வு நடத்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மூன்று வருஷமாகும்."

"தாராளமாக எடுத்துக்கொள்ளும்" என்றார் மன்னர். "கடைசிக் கொப்பரை நகரும் வரை தினமும் காலையில் இந்த நல்லெண்ணெய் முழுக்கு உமக்கு. பூவாயி ஆட்டித் தருவாள். சீயக்காய் கூடாது."

மறுநாள் விடிவதற்குள் மணல்திட்டில் அடுப்பு புகைந்தது. முதல் கொப்பரையைச் சுமந்து போனவர்களில் மீசை வைத்த ஒருவர் எல்லாருக்கும் முன்னால் ஓடினார் என்று செக்கடித் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.