மழைக்குப் பிடிச்ச ஜலதோஷம்

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா பேரு செம்பாயி, தங்கச்சி பேரு வேம்பு. அம்மா கிடையாது, அப்பா கிடையாது. செம்பாயிதான் வேம்புக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, வளத்து ஆளாக்கி, ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல கட்டிக் குடுத்தா. 'ம்' சொல்லு. நீ சொல்லலேன்னா நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்குவேன், ஆமாம்.

ம். அப்படி வா வழிக்கு.

இந்தச் செம்பாயிக்குப் பிடிச்ச மாசம் எது தெரியுமா? ஐப்பசி. ஊர்ல எல்லாரும் மழை வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. இவ மட்டும் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அடுப்பங்கரைக்குள்ள நுழைஞ்சிடுவா. மரவள்ளிக் கிழங்க வேகப்போடுவா, ஆவி புஸ்ஸுன்னு வரும். முருங்கைக்கீரைய உருவிப் போட்டு அடை ஊத்துவா, சொய்ய்ய்ங். சாயங்காலமானா தணல்ல சாம்பிராணி போட்டு வீடு பூரா புகை காட்டுவா. வெளிய ஜோன்னு மழை, உள்ள கமகமன்னு வாசனை. தெருவுல போறவன் மூக்க இவ வீட்டு வாசல்லயே விட்டுட்டுத்தான் போவான்.

அப்புறம், அந்த வருஷம் வேம்பு தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தா. ஐப்பசியில ஒரு பொண்ணு பொறந்துச்சு. சின்னூண்டு. பூனைக்குட்டி கணக்கா இருக்கும். அது பொறந்த அன்னிக்குப் பிடிச்சுது பாரு மழை! மறுநாளும் மழை. அதுக்கு மறுநாளும் மழை. ஐப்பசியில அடைமழை, கார்த்திகையில கனமழைன்னு பெரியவங்க சொன்னாங்கதான். அதுக்காக இப்படியா? ஏழு நாள்! ஏழு நாளும் விடல!

ஆறு ரெண்டு கரையும் முட்டிக்கிட்டு ஓடுது. வேம்போட புருஷன் அந்தக் கரையில மாட்டிக்கிட்டான். இந்தப் பக்கம் சுவரெல்லாம் ஓதம். உப்பு ஜாடியில உப்பு தண்ணியாப் போச்சு. பிள்ளைக்குச் சுத்தற துணி பதினாலு. பதினாலும் ஈரம். கொடியில போட்டா சொட்டுது, பிழிஞ்சு போட்டா பிசுபிசுங்குது. பச்சப்புள்ள மூத்திரம் போகாம இருக்குமா? நீ போகாமலா இருந்த? என் மடியக் கேட்டுப் பாரு, சொல்லும். ஈரத்துணிய எடுத்துட்டு இன்னொரு ஈரத்துணியச் சுத்தறாங்க. பிள்ளையோட கையி காலு சில்லுன்னு ஆயிடுச்சு. மொதல்ல ங்ஙேன்னு அழுதுச்சு. அப்புறம் ஙின்னு முனகுச்சு. ஏழாம் நாள் காலையில சத்தமே வரல. வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுது.

வேம்பு பிள்ளைய நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டிருக்கா. ஆனா அவளுக்கே குளிர்ல பல்லு தந்தியடிக்குது. செம்பாயி போய் வெறக எண்ணிப் பாத்தா. வீட்டுல காஞ்ச வெறகு மூணே மூணு கட்டு. அத எரிச்சு அனல் காட்டினா ஒருநாள் தாங்கும், ரெண்டு நாள் தாங்கும். அப்புறம்? மழை நின்னாத்தான் பிள்ளை பிழைக்கும். அவ்வளவுதான் கணக்கு.

அப்போ செம்பாயி என்ன பண்ணா? தாழ்வாரத்துல வந்து நின்னுக்கிட்டு, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, வானத்தப் பாத்துக் கத்தினா.

"ஏய் மழை! உனக்கு வீடு வாசல் கிடையாதா? ஏழு நாளா எங்க ஊரையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்க! போயேன்!"

அப்போ மேலேருந்து மூக்கடைச்ச குரல்ல ஒரு பதில் வந்துச்சு. "எனக்கு மட்டும் ஆசையா தாயி? நிக்க மாட்டேங்குதே."

செம்பாயி அண்ணாந்து பாத்தா. மழை! தென்னமரத்துக்கு மேல தலை. மேகம்தான் தலைமுடி, சிக்குப் பிடிச்சுக் கீழ வரைக்கும் தொங்குது. மூக்கு மட்டும் செக்கச்செவேல்னு இருக்கு.

"எது நிக்க மாட்டேங்குது?"

"மூக்கு. ஜலதோஷம் தாயி. ஏழு நாளா ஒழுகுது."

"அப்போ இத்தனை நாளா எங்க தலையில விழுந்தது..."

மழை வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சுக்கிச்சு.

உவ்வேங்காத! அவளே சொல்லல, நீ ஏன் சொல்ற?

"ஒரு மருந்து மாயம் சாப்பிடக் கூடாதா?"ன்னு கேட்டா செம்பாயி.

"யாரு குடுப்பா? என்னைக் கண்டதும் கதவச் சாத்திக்கிறாங்க"ன்னுச்சு மழை. அது நிஜம்தானே? வரலேன்னா வா வான்னு கும்பிடுவானுங்க, வந்துட்டா போ போன்னு கரிச்சுக் கொட்டுவானுங்க. குடை பிடிக்க ஊருக்குள்ள ஆயிரம் பேரு. வாப்பா, சூடா ஒரு வாய் குடின்னு சொல்ல ஒருத்தன் கிடையாது.

"நான் தரேன். மூக்கு நின்னா நீயும் நிப்பியா?"

"சத்தியமா நிப்பேன்."

"அப்போ இங்கேயே இரு. உள்ள மட்டும் கால எடுத்து வெச்ச, அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

ம் சொல்லு. ம்.

செம்பாயி மொதக் கட்டு வெறகப் பிரிச்சா. சுக்க எடுத்து உரல்ல போட்டு டங்கு டங்குன்னு இடிச்சா. மல்லி, மிளகு, கருப்பட்டி எல்லாம் போட்டு, நெல்லவிக்கிற அண்டா நிறைய சுக்குக் காபி வெச்சா. தளதளன்னு கொதிச்சுது. அந்த வாசனைக்கே தலைவலி போயிடும். சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லேன்னு சும்மாவா சொன்னாங்க? அண்டாவத் தாழ்வாரத்து ஓரமா நகத்தி, "குடிப்பா"ன்னா.

மழை குனிஞ்சுது. அது குனிய, தலைமுடியும் கூடவே குனிய, சளசளசளன்னு தண்ணி பூரா அண்டாவுல! சுக்குக் காபி வெறும் தண்ணியாப் போச்சு. மழை ஒரு வாய் குடிச்சிட்டு, "பச்சத்தண்ணியா இருக்கே தாயி"ன்னுச்சு. அப்புறம் ஹா... ஹா... ஹாச்சூ! பளீர்னு ஒரு மின்னல், வேப்பமரத்துல ஒரு கிளை படார்.

ஒரு கட்டு வெறகு போச்சு. செம்பாயி உள்ள போய் பிள்ளையத் தொட்டுப் பாத்தா. சில்லுன்னு இருந்துச்சு. "சரி, ரெண்டாவது கட்டு"ன்னு எழுந்தா.

இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இந்த மழையப் பாத்தா இளைச்சவன் மாதிரியா இருக்கு? அதனால கொள்ளு வறுத்தா, வேக வெச்சா. பூண்டத் தோலோட தட்டிப் போட்டு, மிளகு சீரகம் பொடிச்சுப் போட்டு, காரசாரமா ஒரு அண்டா கொள்ளு ரசம். இந்தத் தடவை ஏமாறல அவ. அண்டாவுக்குத் தட்டு போட்டு மூடி, ஓரமா சந்து விட்டு, பப்பாளி இலைக் காம்ப ஒண்ணோட ஒண்ணு சொருகி நீளமா ஒரு குழாய் பண்ணி விட்டா. "முடிய உள்ள விடாம உறிஞ்சு பாக்கலாம்"னா.

மழையும் குழாய்ல வாய வெச்சுது. உறிஞ்சறதுக்கு முன்னாடியே அது வாயில இருந்த தண்ணி இருக்கே, அது குழாய் வழியா குடுகுடுகுடுன்னு உள்ள இறங்கிடுச்சு. அண்டா ரொம்பி, தட்டு தள்ளிக்கிட்டுப் போய் டணார்னு விழுந்து, ரசமெல்லாம் வாசல்ல ஓடுது. எதிர் வீட்டு ஆடு அத நக்கிப் பாத்துட்டுத் தும்முச்சு. மழையும் தும்முச்சு. ஹாச்சூ! மாட்டுக் கொட்டகைக் கூரை அப்படியே மேல கிளம்பி, சுத்தி, திரும்பக் குப்புற வந்து உக்காந்துச்சு.

சிரிக்கிறியா? செம்பாயி சிரிக்கல. உள்ள போய், நல்லெண்ணெயக் கையில ஊத்திக்கிட்டு, பிள்ளையோட உள்ளங்கால்ல பரபரன்னு தேய்ச்சா. கொஞ்சம் சூடு வந்த மாதிரி இருந்துச்சு, உடனே போயிடுச்சு. கைய அலம்பறதுக்கு வெளிய வந்து மழையில நீட்டினா.

அப்போ பாத்தா. எண்ணெய்க் கையில தண்ணி நிக்கல. முத்து முத்தா உருண்டு ஓடிப் போயிடுச்சு. மறுபடி நீட்டினா, மறுபடியும் ஓடிச்சு. செம்பாயி அங்கேயே நின்னுட்டா.

'இத்தனை நேரம் தண்ணிக்குத் தண்ணியே குடுத்துக்கிட்டிருந்தேனே, மடச்சி! தண்ணி ஒட்டாத மருந்துல்ல குடுக்கணும்!'

எது தெரியுமா? லேகியம். நெய்யும் எண்ணெயும் ஊத்திக் கிண்டி, உருட்டிக் குடுக்கிற லேகியம். பிள்ளை பெத்த வேம்புக்குக் குடுக்கணும்னு சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் டப்பாவுல பத்திரமா வெச்சிருந்தா. அத எடுத்தா. கடைசிக் கட்டு வெறகையும் எடுத்தா.

அப்போ வேம்பு அவ முந்தானையப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, அது கடைசிக் கட்டு. அத பிள்ளைக்கு வெச்சுக்கலாம்க்கா. மழைய நம்பி எரிச்சுடாத."

செம்பாயி வெறகக் கீழ வெச்சா. தங்கச்சி சொல்றதும் தப்பில்லையே. பெத்தவ வயிறு அப்படித்தான பேசும்? அப்புறம் சொன்னா: "இத வெச்சு அனல் காட்டினா இன்னிக்குப் பொழுது ஓடும் வேம்பு. நாளைக்கு எத எரிப்ப? எனக்கு ஒரு பொழுது போதாது. இவ கிழவியாகணும். பல்லு போகணும். அதுக்குத்தான் இந்த வெறகு." சொல்லிட்டு அடுப்பப் பத்த வெச்சுட்டா.

இடிச்சா, சலிச்சா, அரைச்சா. வெல்லப் பாகு காய்ச்சி, அரைச்சதப் போட்டுக் கிண்டினா. ப்ளக்... ப்ளக்...னு கொதிச்சுக் கைமேல தெறிக்குது. கொப்புளம் வருது. கைய எடுத்தா அடிபிடிச்சிடும், அதனால எடுக்கல. நெய் ஊத்திக் கிண்டினா, எண்ணெய் ஊத்திக் கிண்டினா. லேகியம்னா அண்டாவுல ஒட்டாம சுருண்டு வரணும். இது இன்னும் ஒட்டுது. வெறகோ தீந்து போச்சு.

முறத்த எடுத்து அடுப்புல வெச்சா. எரிஞ்சுது. இன்னும் ஒட்டுது. கூடைய எடுத்து வெச்சா. எரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஒட்டுது. சுத்தி முத்திப் பாத்தா, எரிக்க ஒண்ணும் இல்ல. கீழ குனிஞ்சு பாத்தா, தான் உக்காந்திருக்கிற மணை! எழுந்தா. மணைய எடுத்து அடுப்புல சொருகினா. நின்னுக்கிட்டே கிண்டினா. மணை பாதி எரியறப்போ, லேகியம் சுருண்டு, பளபளன்னு, ஒட்டாம எழும்பி வந்துச்சு.

எங்க, ம்? தூங்கிட்டியா? முக்கியமான இடத்துல தூங்கிடாத.

ம்.

தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை. மேல நல்லெண்ணெயத் தடவினா. வெளிய கொண்டு வந்து, "வாயத் தொற"ன்னா. மழை குனிஞ்சுது. சளசளன்னு தண்ணி கொட்டிச்சு. உருண்டை மேல பட்டுது, உருண்டுது, வழிஞ்சுது. ஒரு சொட்டு ஒட்டல! செம்பாயி எட்டி வாயில போட்டா. லபக்!

மழை முழுங்கிடுச்சு. ஒரு நிமிஷம் ஒண்ணும் ஆகல. அப்புறம், "ஐயோ உறைக்குது!"ன்னுச்சு. தொண்டையில சுர்ர்ர். நெஞ்சுல கதகத. வயித்துக்குள்ள கடமுடகடமுட. கால் கட்டைவிரல் வரைக்கும் சூடு இறங்கிச்சு. சிவந்த மூக்கு வெளுத்துச்சு. மழை மெல்ல ஒரு மூச்சு இழுத்துச்சு. அடைப்பு விட்டுப் போச்சு!

"தாயி, உன் வீட்டுல என்ன இவ்வளவு வாசனை!"

"ஏழு நாளா வாசல்ல கிடந்தியே, இப்பத்தான் தெரியுதா?"

"இப்பத்தான் மூக்கு இருக்கு"ன்னுச்சு மழை. சொன்ன சொல்லக் காப்பாத்திச்சு. முடிய அள்ளி முடிஞ்சுக்கிட்டு, மலைப் பக்கமா நடந்து போயிடுச்சு.

அப்போ ஊரே கம்முனு ஆயிடுச்சு. ஓட்டுலேருந்து சொட்... சொட்... அதுவும் நின்னுது. சுள்ளுன்னு வெயில்!

செம்பாயி பதினாலு துணியையும் அள்ளிக்கிட்டு ஓடினா. பாறையில விரிச்சா, வேலியில விரிச்சா, ஆட்டு முதுகுலகூட ஒண்ண விரிச்சா. மொத மொத காஞ்ச துணிய, சூடா மொறுமொறுன்னு இருக்கிறப்பவே எடுத்துக்கிட்டு வந்து, பிள்ளைய அதுல வெச்சுச் சுத்தினா. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பிள்ளை அசையல. வேம்பு மூச்சே விடல. செம்பாயி இன்னொரு சூட்டுத் துணிய எடுத்துச் சுத்தினா. அப்புறம் இன்னொண்ணு.

பிள்ளை மூஞ்சி சுருங்கிச்சு. சிவந்துச்சு. வாயத் தொறந்துச்சு.

ங்ங்ஙேஏஏஏஏ!

மலையத் தாண்டிப் போன மழை அங்கேருந்து திரும்பி, "யாரு தாயி அது, என்னைவிடப் பெருசா இடி இடிக்கிறது?"ன்னு கேட்டுச்சு.

வேம்பு பதறிப் போய், "ச்சூ ச்சூ, அழாதடி கண்ணு"ன்னு தட்டிக் குடுத்தா. செம்பாயி அவ கையத் தள்ளி விட்டா. "ஏய், சமாதானம் பண்ணாத! அழட்டும். இன்னும் நல்லா அழட்டும்டி"ன்னு சொல்லிக்கிட்டே, கொப்புளம் வந்த கையால மூஞ்சிய மூடிக்கிட்டு, அவளும் ஓன்னு அழுதா.

அம்புட்டுத்தான். கதை அதோட ஊருக்குப் போயிடுச்சு, கண்ணு. போர்வைய இழுத்துக் காலப் போத்திக்கிட்டு, நீயும் தூங்கு.