மெழுகுசீலை மரியாதை

அந்தக் காலத்திலே கொழுமணல் என்றொரு நாட்டை விறல்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். மதயானைக்குப் பயப்படமாட்டான், எதிரிப் படைக்குப் பயப்படமாட்டான். ஓட்டையைக் கண்டால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்கும். ஓட்டைக்குள்ளிருந்து ஒரு பாம்பு வந்து காலைப் பிடுங்கியதாக எப்போதோ கனவு கண்டுவிட்டான், அதுதான் காரணம்.

கோட்டைக் காவலுக்குத் தலைவர் மழவராயர். மந்திரி தாண்டவராயரின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "எலி வளை, எறும்புப் புற்று, மண்புழு ஓட்டை, ஒன்று விடாமல் அடைத்துக் காட்டுகிறேன் மகாராஜா" என்று கிளம்பினார். "மண்ணை மூச்சு விட விடுங்கள்" என்று மந்திரி சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அரண்மனை முற்றத்தை யானைகளை விட்டு மிதிக்கவைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டார் மழவராயர். ராஜாவுக்குப் பரம திருப்தி. பின்கட்டில் ஒரே ஒரு ஆழக்குழியை மட்டும் விட்டுவைத்தான். துரோகிகளை உயிரோடு போட்டு மூடுவதற்கு.

முற்றத்து நடுவிலே ஒரு புன்னை. வம்சத்தின் காவல் மரம். அது பட்டுப்போனால் அரசும் போகும் என்று நம்பிக்கை. சாந்து பூசிய பிறகு அதன் இலை பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது.

"மந்திரி செய்வினை வைத்துவிட்டார். சாந்து வேண்டாமென்று தடுத்தவர் அவர் ஒருவர்தானே" என்றார் மழவராயர்.

ராஜா மந்திரியை ஏறிட்டுப் பார்த்தான். "நாளை உச்சிப் பொழுதுக்குள் என் மரத்தைக் கொல்வது யாரென்று காட்டும். இல்லையென்றால் அந்தக் குழி உமக்குத்தான்."

வீட்டுக்குப் போகிற வழியில் தாண்டவராயர் குழியை எட்டிப் பார்த்தார். மண் முதலில் வாயில் போகுமா, மூக்கில் போகுமா? வீட்டில் சோறு இறங்கவில்லை. மரத்தைக் கொல்வது சாந்துதான் என்று அவருக்குத் தெரியும். ஓட்டை நல்லது என்று இந்த ராஜாவிடம் எந்த வாயால் சொல்வது? மூச்சு முட்டிச் சாவதை நினைத்து நினைத்து வேர்த்துக் கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று எழுந்து தையற்காரனைக் கூப்பிட்டனுப்பினார்.

மறுநாள் சபையில் மந்திரி கைகூப்பி நின்றார். "மகாராஜா, நான் சாகுமுன் மழவராயருக்கு ஒரு மரியாதை செய்ய ஆசை. தரையையே ஓட்டையில்லாமல் செய்தவர் உடுத்தியிருக்கிற துணியைப் பாருங்கள், இழைக்கு இழை ஓட்டை. அதனால் மெழுகு பூசி ஓட்டையடைத்த மெழுகுசீலையில் அங்கி தைத்து வந்திருக்கிறேன்."

ராஜா பூரித்துப்போனான். மழவராயர் கழுத்திலிருந்து கால்விரல்வரை அதைப் போட்டுக்கொண்டு, பெருமையோடு முற்றத்தில் போய் நின்றார். சபையும் கூடவே போயிற்று. சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு பொத்தென்று விழுந்தார்.

"கழற்றுங்கள், உயிர் போகிறது" என்று முனகினார்.

"மூக்கு திறந்துதானே இருக்கிறது, ஏன் பதறுகிறீர்?" என்றார் மந்திரி.

"வேர்வை போக வழியில்லை, உடம்பு வேகிறது. தோலில் இருக்கிற அத்தனை ஓட்டையையும் அடைத்துவிட்டீரே."

ராஜா தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "என் தோலிலுமா ஓட்டை?"

"ஆமாம் பிரபு. மண்ணுக்கும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகத்தான் காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்கும். மண்புழுவுக்கோ மூக்கே கிடையாது, ஈரத் தோலால்தான் மூச்சு விடுகிறது. மூக்கிருக்கிற மழவராயருக்கே இந்தக் கதி."

அங்கியைக் கிழித்து அவரை நிழலில் போட்டுவிட்டு, மரத்தடிச் சாந்தை உடைத்தார்கள். அழுகல் வாடை குப்பென்று வந்தது. இறுகிப்போன மண்ணில் மண்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. "இத்தனையையும் உயிரோடு புதைத்தது நான்தானா?" என்றான் ராஜா.

மந்திரியின் கழுத்துக்கு முத்துமாலை வந்தது. மழவராயர் கைக்குக் கடப்பாரை வந்தது. மீதி முற்றம் முழுக்க அவரே உடைத்தார்.

மழை பெய்து புன்னை துளிர்த்தது. ஒருநாள் முற்றத்தில் நடந்துகொண்டிருந்த ராஜா திடுக்கிட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். தாண்டவராயர் ஓடிவந்தார். "பாம்பா பிரபு?"

"இல்லையய்யா, மண்புழு ஓட்டை. மிதித்து மூடிவிடுவேனோ என்று பயம்."

"அப்படியானால் இந்த அரண்மனையில் மூடவேண்டிய ஓட்டை ஒன்றே ஒன்றுதான் பாக்கி" என்று மந்திரி பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அன்று மாலையே அதை மூடினார்கள், உள்ளே யாரையும் போடாமல்.