முதலைக்கு ஆலோசகரான ஆட்காட்டி

கரிக்கான் காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி. சுற்றிலும் சேறு. விலங்குகள் இறங்கித் தண்ணீர் குடிக்க இரண்டே இடங்கள்தான். ஒன்று ஆலந்துறை, மற்றது நாவல்துறை.

ஏரிக்குள் பெருந்தாடை என்றொரு முதலை இருந்தது. அது தினமும் ஏதாவது ஒரு துறையில் மூழ்கிக் காத்திருக்கும்.

கரையில் ஒரு மண்மேட்டில் நெட்டைக்காலி என்ற ஆட்காட்டிப் பறவை இருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து, ஏரியை முழுதாகச் சுற்றி நடக்கும். தண்ணீரில் குமிழி வருகிறதா, கோரைப்புல் சாய்ந்திருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். பிறகு தொண்டை கிழியக் கத்தும்.

"முதலை நாவல்துறையில் கிடக்கிறது! ஆலந்துறைக்குப் போங்கள்! முதலை நாவல்துறையில்!"

அந்தக் குரல் கேட்கும்வரை காட்டில் ஒரு விலங்கும் தண்ணீரில் வாய் வைக்காது. யானையானாலும் நிற்கும், முயலானாலும் நிற்கும். அப்படி ஒரு நம்பிக்கை!

முதலைக்கு வயிறு ஒட்டிப்போனது. மிரட்டிப் பார்த்தது. நெட்டைக்காலி இன்னும் உரக்கக் கத்தியது. விரட்டிப் பார்த்தது. நெட்டைக்காலி பறந்துகொண்டே கத்தியது. கடைசியில் முதலை தன்னிடம் வேலை பார்த்த வெள்ளைக் கொக்கைத் தூது அனுப்பியது.

"நெட்டைக்காலியக்கா, உன் திறமைக்கு இப்படியா அலைவது? காலெல்லாம் முள். முட்டை நான்கு வைத்திருக்கிறாய். நாளைக்குக் குஞ்சுகள் வாயைத் திறந்தால் என்ன போடுவாய்? பெருந்தாடையார் உன்னைத் தன் தொடர்பு ஆலோசகராக வைத்துக்கொள்ள நினைக்கிறார்!" என்றது கொக்கு.

"சீ! நான் பொய் சொல்லமாட்டேன்!"

"யார் பொய் சொல்லச் சொன்னது? செய்தி அதேதான். சொல்லும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். உன் மேட்டைச் சுற்றியிருக்கும் சேற்றை அவர் மாலைதோறும் வாலால் கிளறிவிடுவார். புழு கொட்டும்!"

நெட்டைக்காலி முட்டைகளைப் பார்த்தது. தன் கால்களைப் பார்த்தது. இத்தனை வருடம் கத்தியதற்கு யாராவது ஒரு புழு கொண்டுவந்து கொடுத்தார்களா? இல்லை. செய்தி அதேதானே? அதேதான். வயிற்றுக்கு வழி பிறந்தால் மனசாட்சிக்கும் எப்படியோ சமாதானம் பிறந்துவிடுகிறது. நெட்டைக்காலி சம்மதித்தது.

மறுநாள் காலை அது குரலைக் கனைத்துக்கொண்டு கூவியது.

"மதிப்பிற்குரிய பெருந்தாடையார் இன்று நாவல்துறையில் ஓய்வெடுக்கிறார்!"

முயல் திருதிருவென்று விழித்தது. "ஓய்வென்றால் போகலாமா, கூடாதா?"

"அடேய், அவர் ஓய்வெடுத்தால் நமக்கு நிரந்தர ஓய்வு கிடைத்துவிடும். ஆலந்துறைக்கு நட!" என்றது முள்ளன் என்ற காட்டுப்பன்றி. பிறகு மேட்டைப் பார்த்துக் கத்தியது. "என்ன நெட்டைக்காலி, நேற்றுவரை 'கிடக்கிறது', இன்றைக்கு 'ஓய்வெடுக்கிறாரா'? உடம்பு சரியில்லையா?"

"நாகரிகமாகப் பேசுவது தப்பா?" என்றது நெட்டைக்காலி. கழுத்தின் இறகு மட்டும் ஏனோ குறுகுறுத்தது.

முட்டைகள் பொரிந்தன. நான்கு குஞ்சுகள். புழுவுக்குக் குறைவில்லை. கொக்கு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னது.

"குஞ்சுகளை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றுவானேன்? அவர் எங்கே இருப்பார் என்பது அவருக்குத் தெரியாதா? நானே தினமும் வந்து சொல்கிறேன். நீ கூவினால் போதும்!"

அதுவும் வசதியாகத்தான் இருந்தது. நெட்டைக்காலி நடப்பதை நிறுத்தியது. கொக்கு சொல்லும், நெட்டைக்காலி கூவும். காலில் முள் தைத்த புண் ஆறிப்போனது. உடம்பு பளபளத்தது.

நடப்பதை நிறுத்திய ஐந்தாம் நாள் கொக்கு "நாவல்துறை" என்றது. நெட்டைக்காலி அப்படியே கூவியது. விலங்குகள் ஆலந்துறைக்குப் போயின. அங்கே தண்ணீர் பிளந்தது. ஒரு புள்ளிமானின் குட்டி போய்விட்டது.

நெட்டைக்காலி முதலையிடம் பறந்தது. "ஐயா, நாவல்துறை என்றீர்களே!"

"தூக்கத்தில் புரண்டுவிட்டேன், அம்மா. எனக்கும் வருத்தம்தான். நீதான் நல்ல வார்த்தையாகப் பார்த்து எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றது முதலை. பல்லிடுக்கில் புள்ளித்தோல் ஒட்டியிருந்தது.

அப்போதே சிறகை உதறிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மேட்டில் நான்கு வாய்கள் திறந்திருந்தன. நெட்டைக்காலி நல்ல வார்த்தையாகப் பார்த்து எடுத்தது.

"மான்குட்டி கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டது! பெருந்தாடையார் காப்பாற்ற முயன்றார்!"

"வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாரோ!" என்று முள்ளன் உறுமியது.

தாய்மான் மேட்டை நிமிர்ந்து பார்த்தது. நெட்டைக்காலி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்று விலங்குகள் புதருக்குள் கூடின. "இனிமேல் அவள் எங்கே முதலை என்கிறாளோ, அங்கேயே போய்க் குடிப்போம். எங்கே போ என்கிறாளோ, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்!" என்றது முள்ளன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு உயிரும் சாகவில்லை. முதலை எட்டு நாள் பட்டினி. மேட்டில் உட்கார்ந்திருந்த ஆலோசகருக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. பார்த்தால்தானே தெரியும்?

ஒன்பதாம் நாள் வெயில் கொளுத்தியது. சேறு காய்ந்து வெடித்தது. "அம்மா, தண்ணீர்! நாக்கு ஒட்டுகிறது!" என்று குஞ்சுகள் கத்தின.

கொக்கு வந்து, "இன்றைக்கு ஆலந்துறை" என்றது.

"பெருந்தாடையார் ஆலந்துறையில் ஓய்வெடுக்கிறார்! நாவல்துறைக்குப் போகலாம்!" என்று நெட்டைக்காலி கூவியது. கூவிவிட்டுக் குஞ்சுகளிடம், "வாருங்கள் கண்ணுகளா, நாவல்துறைக்குப் போவோம்" என்று நடந்தது. ஊருக்குச் சொல்வதற்காகச் சொன்னதை, தன் காதால் கேட்டு, தானே நம்பிவிட்டது!

நாவல்துறையில் ஒருவரும் இல்லை. எதிர்க்கரையில், ஆலந்துறையில், காடே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

'முதலை இருக்கும் துறையில் ஏன் நிற்கிறார்கள், முட்டாள்கள்!' என்று நெட்டைக்காலி நினைத்தது.

தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"நெட்டைக்காலி! அங்கேதான் இருக்கிறான்! குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடு!"

கத்தியது தாய்மான்.

முதலை பிளந்த வாயோடு எழுந்தது. "ஐயா, நான்! உங்கள் ஆலோசகர்!" என்று நெட்டைக்காலி அலறியது.

"பசிக்கிறவனுக்கு ஆலோசனை எதற்கு? உன் சொல்லை ஊர் நம்பும்வரைதான் நீ எனக்கு வேண்டும். எட்டு நாளாக ஒரு முயல்கூட நம்பவில்லை. இனி நீ எதற்கு?" என்றது முதலை. படாரென்று தாடை மூடியது.

மூன்று குஞ்சுகள் கரையேறின. நான்காவது ஏறவில்லை.

மறுநாள் வெள்ளைக் கொக்கு மேட்டில் ஏறி நின்றது. அதுதான் புதிய ஆலோசகராம். நெட்டைக்காலி முள்ளில் நடந்து ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலங்குகள் முன் வந்து நின்றது. "முதலை ஆலந்துறையில் கிடக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்" என்றது, தலையைத் தூக்காமல்.

"சொல்லு, கேட்டுக்கொள்கிறோம். ஆனால் நாங்களும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் குடிப்போம். தினமும்!" என்றது முள்ளன்.

தாய்மான் முன்னால் நடந்தது. மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

எளியவரைக் காக்க வேண்டிய குரலை வலியவனிடம் விற்பவர், ஊரின் நம்பிக்கையை முதலில் இழப்பார், வாங்கியவனின் தயவையும் பிறகு இழப்பார், அந்தக் குரலுக்குத் தன் பிள்ளையையே பலி கொடுக்கவும் நேரும்.