சீமைப் பூவும் பட்டைத்தூளும்

ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் தணிகாசலத்தின் கண்ணாடி வீடு மேகத்துக்குள் மிதக்கும். அந்த வருஷம் அதிலிருந்த ஆர்க்கிட் செடிகளை மாவுப்பூச்சி அப்பியது, பூஞ்சணமும் பிடித்தது. தோட்டக்காரி பெருமாயி வேப்பெண்ணெயும் பட்டைத்தூளும் கேட்டாள்.

"சீமைப் பூவுக்குக் குழம்பு மசாலாவா?" என்று சீறினார் தணிகாசலம். "வெளிநாட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அடுக்களைச் சாமான் எதுவும் கண்ணாடி வீட்டுக்குள் நுழையக்கூடாது. நான் வெளியூர் போய்த் திரும்பும்போது பூக்கவில்லை என்றால் உனக்கு வேலையில்லை."

"சரிங்க" என்றாள்.

மூன்று மாதம் கழித்து விருந்தாளிகளோடு வந்தார். கண்ணாடி வீட்டில் பனிதான் நிறைந்திருந்தது. ஒரு செடிகூட இல்லை.

"எங்கே என் செடிகள்?"

"அடுக்களைச் சாமான் இங்க வரக்கூடாதுன்னீங்க. செடி அங்க போகக்கூடாதுன்னு சொல்லலீங்களே" என்று பெருமாயி சமையலறைக் கதவைத் திறந்தாள். ஜன்னலோரத்து மங்கிய வெளிச்சத்தில் ஊதாப் பூக்கள் தூக்கத்தில் சிரிக்கும் குழந்தைகள்போல் அசைந்தன.

தணிகாசலம் சட்டென்று நிமிர்ந்தார். "பார்த்தீர்களா, எல்லாம் என் வெளிநாட்டு மருந்தின் மகிமை!"

"அது இந்தாங்க. பூக்க வெச்சது வேப்பெண்ணெயும் பட்டைத்தூளும்தாங்க" என்று சீல்கூட உடைக்காத சீசாவை அவர் கையில் வைத்தாள் பெருமாயி.

விருந்தாளிகள் அவரை அப்படியே விட்டுவிட்டு, பட்டைத்தூளை எப்படித் தடவ வேண்டும் என்று கேட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.