மூன்றாவது டேக்

“எனக்கு ஏன் மேம் மார்க் போடலை?”

எடிட்டிங் அறைக் கதவைத் தட்டாமலே பிரதிபா உள்ளே வந்தாள். தோளில் கேமரா பை. கையில் சுருட்டிய போஸ்டர்.

ஜெசிந்தா மேம் நிமிரவில்லை. இறுதியாண்டு மாணவர்கள் திருப்பித் தந்த சாமான்களைப் பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“கேமராவ வை.”

“மொதல்ல பதில் சொல்லுங்க.”

“வச்சுட்டுக் கேளு.”

வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

ஜெசிந்தா ஒப்பந்த ஆசிரியை. மாணவர்களைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். மூன்று வார்த்தையில் முடிவதை நான்காக இழுக்க மாட்டார். அவரிடம் வாதாடுவது சுவரில் பந்தடிப்பது போல என்று வகுப்பில் சொல்வார்கள். பிரதிபாவுக்கு அந்தச் சுவர் பிடிக்கும்.

அன்று பிடிக்கவில்லை.

அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முப்பத்தொரு பேர். ஆளுக்கொரு பாட்டு வீடியோ. ஒவ்வொருவருக்கும் ஏழு கட்டங்கள்: கரு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, போஸ்டர், ஆல்பம் அட்டை, டீசர், சுயமதிப்பீடு. முப்பது பேருக்கு எண்கள் இருந்தன.

பிரதிபாவுக்கு ஏழும் காலி. பூஜ்யம்கூட இல்லை.

நான்கு மணிக்கு அசல் பட்டியல் அலுவலகத்துக்குப் போய்விடும். காலியாகப் போனால் அரியர். அரியர் என்றால் டெல்லி மாணவர் பட விழாவுக்குத் துறையின் கடிதம் கிடையாது. கடிதம் இல்லையென்றால் படத்தை அங்கே திரையிட மாட்டார்கள்.

மணி மூன்று பத்து.

“ஜீரோ போட்டிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன் மேம். காலியா விட்டா எதுகூட சண்டை போடறது?”

“இப்பப் போட்டுட்டுத்தானே இருக்கே.”

“ஜோக்கா மேம்?”

“இல்ல. பேட்டரி ரெண்டு. ஒண்ணுதான் இருக்கு.”

பிரதிபா பைக்குள் கைவிட்டு இரண்டாவது பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தாள்.



வீடியோவின் கதை சின்னது.

பொன்னான் என்ற தொழிலாளி ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கினார். ஏறவில்லை. அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அவரும் ஏறவில்லை.

முதலாளி மாரடைப்பு என்றார். காவல் நிலையமும் மாரடைப்பு என்றே எழுதிக்கொண்டது. ஒரே தொட்டியில், அரை மணி நேரத்துக்குள், இரண்டு பேருக்கு எப்படி மாரடைப்பு வரும் என்று கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை.

பிரதிபா கேட்டாள். நான்கு நிமிடப் பாட்டாகக் கேட்டாள்.

இறங்குவதற்கு முன் பொன்னான் தன் சட்டையைக் கழற்றித் தொட்டிச் சுவரில் போட்டிருந்தார். அது மட்டும் வீட்டுக்கு வந்தது. பாட்டு முழுக்க அந்தச் சட்டைதான். கடைசியில் அவர் மனைவி மயிலா அதை எடுத்து முகத்தில் புதைத்து அழுவார். ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்து எலும்பில் நின்று, வெளிச்சம் பட்டு, இறங்கும்.

பதினோரு விநாடி.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது கடைசி பெஞ்சில்கூட யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.



“போஸ்டரப் பிரி.”

பிரதிபா பிரித்துச் சுவரில் ஒட்டினாள். சட்டைக்குள் பாதி புதைந்த மயிலாவின் முகம். அந்தச் சொட்டு. மேலே ஒரே சொல்: மூச்சு.

“இது ஒண்ணுதான் போட்டியா?”

“மூணு போட்டோம் மேம். முதலாவது, வெறும் தொட்டி. ரெண்டாவது, மயிலா அக்கா நேரா பார்க்கிறது. மூணாவது இது. நூத்தி எண்பத்தாறு பேர்கிட்ட காட்டி எதுன்னு கேட்டோம். நூத்தி அறுபது பேர் இதைச் சொன்னாங்க. அட்டவணை பின்னாடி இணைச்சிருக்கேன்.”

“ரெண்டாவத எத்தனை பேரு?”

“ஒன்பது. பார்த்தா பயமா இருக்குன்னாங்க.”

“அந்த அக்கா எதைச் சொன்னாங்க?”

“எந்த அக்கா?”

ஜெசிந்தா போஸ்டரைக் காட்டினார்.

“அவங்க ஆடியன்ஸ் இல்லையே மேம்” என்றாள் பிரதிபா. சொன்ன பிறகு கொஞ்சம் வேகமாகப் பேசத் தொடங்கினாள்.

“நீங்க எங்க வர்றீங்கன்னு தெரியுது. அடுத்தவங்க துக்கத்த வித்துட்டேன்னு சொல்லப் போறீங்க. சொல்லுங்க, பதில் இருக்கு. ரெண்டு பக்கப் படிவத்துல கையெழுத்து வாங்கியிருக்கேன். படிச்சுக் காட்டித்தான் வாங்கினேன். எங்க க்ளாஸ்ல எத்தனை பேரு படிச்சுக் காட்டினாங்க? கேளுங்க. பேர்ப் பட்டியல்ல அவங்க பேருதான் மொதல்ல. என் பேரு கடைசி.”

“நல்லது.”

“பேப்பர்ல நாலு வரி போட்டாங்க, அதோட சரி. எங்க டீசர நாப்பதாயிரம் பேரு பார்த்திருக்காங்க. போன வாரம் தாசில்தார் மயிலா அக்கா வீட்டுக்கே வந்தாரு. பொணத்த நடுவீட்டுல வெச்சுக் கதறினப்ப வராத தாசில்தார்!”

“நல்லது.”

“நல்லதுன்னா மார்க் போடுங்க.”

“நல்லதுன்னா நல்லது.”

“அப்போ எடுத்திருக்கவே கூடாதுங்கறீங்களா? அவங்க அழுகைய யாருக்கும் காட்டக் கூடாது, அந்த முதலாளி நிம்மதியாத் தூங்கணும், அதானே?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“எதுவுமே சொல்ல மாட்டேங்கறீங்களே!”

ஜெசிந்தா சுயமதிப்பீட்டு நோட்டை எடுத்தார். பென்சிலால் ஒரு பக்கத்தைத் தட்டினார்.

“வாசி.”

பிரதிபா வாசித்தாள். அவள் எழுதியதுதான்.

“சிக்கல்களும் தீர்வுகளும். காட்சி பதினான்கு. முதல் டேக்கில் ஃபோகஸ் தவறியது. இரண்டாவது டேக்கில் கண்ணீர் கேமராவுக்கு மறுபக்கத்துக் கண்ணில் வந்தது. மேலும், காலரில் இருந்த வியர்வைக் கறை க்ளோசப்பில் உறுத்தியது. தீர்வு: சோப்புத் தண்ணீர் தொட்டுக் காலரைத் துடைத்தோம். அவரைத் திரும்பி உட்காரச் சொன்னோம். மூன்றாவது டேக் சிறப்பாக அமைந்தது.”

நிறுத்தினாள்.

“எதையும் மறைக்கலையே மேம். பண்ணின தப்ப நேர்மையா எழுதணும்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க.”

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

ஜெசிந்தா கேமராவைப் பையிலிருந்து எடுத்தார். லென்ஸைப் பொருத்தினார். கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணில் வைத்து ஜன்னலைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

மணி மூன்றரை.



பிரதிபா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நாலு மாசம் மேம். நாலு மாசம் அந்தத் தெருவுக்கு நடந்தேன். பட்டறைக்காரங்க ஆள விட்டு மிரட்டினாங்க. பிரின்சிபால் கூப்பிட்டு, படிக்க வந்தியா, போராட வந்தியான்னு கேட்டாரு. எங்கப்பாவும் ஒரு பட்டறையில மேனேஜர்தான், தெரியுமில்ல உங்களுக்கு? இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. நான் பரிமாறினா தட்ட வெச்சுட்டு எழுந்து போயிடறாரு. சரி, போனா போகட்டும், நீங்க ஒருத்தராச்சும் புரிஞ்சுப்பீங்கன்னு...”

அதற்கு மேல் வரவில்லை. உடைந்துபோய் அழுதாள். துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை போல.

ஜெசிந்தா காத்திருந்தார்.

விசும்பல் அடங்கி அவள் நிமிர்ந்தபோது கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஃபோகஸ் போயிடுச்சு” என்றார் ஜெசிந்தா. “இன்னொரு தடவை.”

பிரதிபா கண்ணைத் துடைத்தாள். காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தாள்.

“என்ன மேம்?”

“இன்னொரு தடவை. அப்பா தட்ட வெச்சுட்டுப் போனாருல்ல, அங்கிருந்து. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

“விளையாடாதீங்க.”

“துப்பட்டாவ எறக்கு. முகத்த மறைக்குது.”

பிரதிபா துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“வராது மேம்.”

“ஏன்?”

“ஏன்னா அது... கேட்டா வர்றதா மேம் அது? வந்துச்சு, போயிடுச்சு. மறுபடி எப்படி...”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. எந்த வாதத்தையும் பாதியில் விடுகிற பெண் இல்லை அவள்.

ஜெசிந்தா கேமராவைக் கீழே வைத்தார். அதில் எதுவும் பதிவாகவில்லை. மெமரி கார்டு அவர் கையில் இருந்தது.



வெட்டாத காட்சிகள் எல்லாவற்றையும் கார்டோடு ஒப்படைக்க வேண்டும் என்பது துறையின் விதி. பிரதிபாவும் முந்தின நாளே ஒப்படைத்திருந்தாள்.

ஜெசிந்தா அதைக் கணினியில் செருகினார். காட்சி பதினான்கு, மூன்றாவது டேக். ஹெட்போனை நீட்டினார். கூடவே அசல் மதிப்பெண் தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளினார்.

“நீயே போட்டுக்கோ. எத்தனை போட்டாலும் கையெழுத்துப் போடறேன்.”

“நெஜமாவா?”

“இதைக் கேட்டுட்டுப் போடு.”

“நூறு தடவை பார்த்த ஷாட் மேம் இது.”

“பார்த்திருப்பே.”

பிரதிபா யோசித்தாள். உண்மைதான். பாட்டு வீடியோவுக்குப் படம்பிடித்த இடத்துச் சத்தம் தேவையில்லை. கணினியில் ஏற்றிய உடனே எல்லாக் காட்சிகளையும் ஊமையாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். அந்தப் பதினோரு விநாடியோடு வெட்டினாள். மிச்சத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் அவள் குரலே கேட்டது. “அக்கா, அந்த அண்ணன நெனச்சுக்கோங்க. ரெடி... ஆக்‌ஷன்.”

மயிலா சட்டையை எடுத்தார். முகத்தில் புதைத்தார். சட்டென்று நின்றார். சட்டையை விலக்கிப் பார்த்தார். மறுபடி முகத்தில் வைத்து, இன்னும் ஆழமாக, எதையோ தேடுகிறவர் போல இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

அழுகை அங்கேதான் வந்தது. சொட்டு சரியான கண்ணில் இறங்கியது.

“கட்! சூப்பர் அக்கா! டேய், வந்துருச்சுடா!”

கைதட்டல். விளக்கு ஒன்று அணைந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ டீ வந்துவிட்டது என்றார்கள். முக்காலியை மடக்கும் சத்தம். கேமராவை நிறுத்த மட்டும் எல்லோரும் மறந்திருந்தார்கள். அது சாய்ந்து, மயிலாவின் மடியையும் கைகளையும் பார்த்துக்கொண்டே ஓடியது.

கைகள் காலரைத் தடவின. விரலால் தேய்த்தன. கைகள் மேலே போயின, சட்டை மூக்கருகே போனது, இறங்கியது.

அந்தக் கூச்சலுக்கு அடியில் ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த குரல். யாரையும் குற்றம் சொல்லாத குரல்.

“கண்ணு, சரியா வந்துருச்சுங்களா?”

யாரும் பதில் சொல்லவில்லை.

“மறுக்கா எடுக்கோணும்னாலும் எடுங்க கண்ணு. அழுவ வருமுங்க, எத்தன வாட்டி வேணும்னாலும் வரும்.”

மறுபடி சட்டை மூக்கருகே போனது.

“இதுல மட்டுந்தான் அவரு வாசம் இருந்துச்சு, அதும் போயிருச்சு. மத்த சட்டையெல்லாம் நான் அன்னிக்கே தொவச்சுப்போட்டனுங்க.”

காட்சி அறுந்தது.

பிரதிபா ஹெட்போனைக் கழற்றவில்லை. வராந்தாவில் பட்டியலை வாங்கிப் போக வந்த அலுவலக உதவியாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. பென்சில் அவள் கையில்தான் இருந்தது. ஏழு கட்டங்களும் எதிரே இருந்தன.

அவள் சுவரைப் பார்த்தாள்.

போஸ்டரில் காலர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.