இருவாச்சிக்குக் காவல் இருந்தவர்

ஆனைமலை உள்காட்டில் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளுக்குக் காவல் இருப்பவள் கெங்காயி. காடர் குடியைச் சேர்ந்தவள், வயது முப்பத்திரண்டு. அவளிடம் வேலை கற்க வந்த சீடருக்கு ஐம்பத்தொன்று. பெயர் ஞானசிகாமணி. கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். படிப்பு அவ்வளவும் தலையில் ஏறியிருந்ததால் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர்.

"ஓடைக்கு இந்தப் பக்கமே நில்லுங்க சார். ஆண் வந்து போனப்புறம் மரத்தடிக்குப் போய், விழுந்து கிடக்கிற கொட்டையப் பாருங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அதுவே சொல்லும்" என்பதுதான் கெங்காயி கற்பித்த ஒரே பாடம்.

குங்கிலியம், அகில், காட்டு ஜாதிக்காய், நாலு வகை அத்தி என்று மரத்தடியிலேயே ஒரு குட்டிக் காடு முளைத்துக் கிடந்தது. ஆனால் கொட்டை பொறுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. ஊட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

தங்கையின் பிரசவத்துக்காகக் கெங்காயி பன்னிரண்டு நாள் மலையிறங்கிப் போனாள். மறுநாளே அவர் ஓடையைத் தாண்டினார். கூட்டு மரத்துக்குப் பத்தடியில் இலைதழையால் மறைப்புக் கட்டி, நோட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது பொந்தின் வாசல் உடைந்திருந்தது. தாய் வெளியேறிவிட்டிருந்தது. கெங்காயி மரமேறி உள்ளே கைவிட்டாள். இறங்கியபோது கையில் உயிரற்ற குஞ்சு இருந்தது. அவர் வாங்கிப் பார்த்தார். கனமே இல்லை.

"நான் தொடவே இல்லைங்கம்மா. சத்தம்கூடப் போடல. இருமல் வந்தாலும் அடக்கிக்கிட்டேன்."

"நோட்டைப் படிங்க சார்."

படித்தார்.

"மூன்றாம் நாள், காலை ஏழு பத்து. ஆண் வந்தது. எட்ட இருந்த மரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தது. கூட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள், வந்தது. உட்கார்ந்தது. கூட்டுக்கு வரவில்லை."

எட்டாம் நாளோடு படிப்பதை நிறுத்திவிட்டார். பத்தாம் நாளுக்கு நேரே 'வரவில்லை' என்று மட்டும் இருந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நான் மறைஞ்சுதானே இருந்தேன்? என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லிடுங்க" என்றார். கண் கலங்கிவிட்டது.

"முதல்ல சாப்பிடுங்க. காலையிலருந்து பட்டினி."

குடிசையில் அவருக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டு அவர் முழங்காலை இடிப்பதுபோல எதிரே உட்கார்ந்தாள். அவருடைய நோட்டையே மடியில் விரித்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தாள்.

முதல் கவளம் எப்படியோ இறங்கியது. இரண்டாவது தொண்டையில் நின்றது. மூன்றாவதைக் கையில் எடுத்தவர் அப்படியே தட்டில் போட்டுவிட்டார்.

"ஏன் சார், நல்லா இல்லையா?"

"இப்படி வாயையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிங்க இறங்கும்?"

"நான் தொடலையே சார். சத்தமும் போடலையே."

அவர் தலை குனிந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழப் பார்த்தார்.

கெங்காயி நோட்டை மூடி அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுந்துபோய், அவருக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"தனியா விட்டுட்டுப் போனது என் தப்பும்தான்" என்றாள். "நான் திரும்பிக்கிட்டேன். சாப்பிடுங்க சார். கத்துக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."